ஆட்ரி ஹெப்பர்ன்: திரைவாழ்வும் தொண்டும்

ஆட்ரி ஹெப்பர்ன் (மே 4, 1929 – ஜனவரி 20, 1993) ஹாலிவுட் படங்களில் நடித்து உலகப்புகழ் பெற்ற நடிகை. 'ரோமன் ஹாலிடே', 'தி நன்ஸ் ஸ்டோரி', 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்', 'மை ஃபேர் லேடி' ஆகியவை அவருடைய முக்கியமான படங்கள். 1988 முதல் இறக்கும்வரை, யுனிசெஃப் எனப்படும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்தின் நல்லெண்ணத் தூதராகப் பணியாற்றினார்.

ஹெப்பர்னின் வாழ்க்கை பெரும்பாலும் கடன் தீர்த்த கதையாகவே சொல்லப்படுகிறது. போர்க்காலத்தில் பட்டினி கிடந்த சிறுமி நிவாரண உணவால் பிழைத்தாள், வளர்ந்து நட்சத்திரமானாள், கடைசிக்காலத்தில் பசித்த குழந்தைகளிடம் அந்த நன்றியைத் திருப்பிச் செலுத்தினாள். இதில் உண்மை உண்டு, ஹெப்பர்னும் தன் பணியை இவ்வாறே விளக்கிவந்தார். ஆனால் இக்கதை இரண்டு செய்திகளை மறைத்துவிடுகிறது. தொண்டுக்கு அவர் கொண்டுவந்த பெரிய முதலீடு நடிகையாக அவர் கற்ற தொழில் என்பது ஒன்று. அவர் பட்ட பசியும் பின்னர் அவர் கண்ட பசியும் மனிதர்கள் எடுத்த முடிவுகளால் விளைந்தவை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவருடைய பணியின் பெறுமதியும் எல்லையும் தெரிகின்றன.

பிறப்பு, இளமை

ஹெப்பர்ன் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரின் இக்செல் பகுதியில் பிறந்தார். இயற்பெயர் ஆட்ரி கேத்லீன் ரஸ்டன். தந்தை ஜோசப் ரஸ்டன் பிரிட்டிஷ் குடிமகன். தாய் எல்லா வான் ஹீம்ஸ்ட்ரா டச்சுப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1930களின் நடுவில் பெற்றோர் இருவரும் பிரிட்டிஷ் பாசிஸ்ட் இயக்கத்தின் ஆதரவாளர்களாக இருந்தனர். 1935இல் தாய் அவ்வியக்கத்தின் ஏட்டில் பாசிசத்தைப் பாராட்டி எழுதினார். அதே ஆண்டில் தந்தை குடும்பத்தை விட்டுச் சென்றார்; பின்னர் போர்க்காலத்தில் பிரிட்டனில் சிறைவைக்கப்பட்டார். செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியுடன் ஹெப்பர்ன் அவரை டப்ளின் நகரில் கண்டடைந்தது 1960களில்தான்.

1939இல் போர் மூண்டபோது ஹெப்பர்ன் இங்கிலாந்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். நெதர்லாந்து நடுநிலை நாடாக இருப்பதால் அங்கே ஆபத்து வராது என்று நம்பிய தாய், மகளை ஆர்னெம் நகருக்கு அழைத்துக்கொண்டார். 1940 மே மாதம் ஜெர்மானியப் படைகள் நெதர்லாந்தைக் கைப்பற்றின. 1942 ஆகஸ்டில், எதிர்ப்பு இயக்கத்தின் நாசவேலைக்குப் பழிவாங்குவதற்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட பிணைக்கைதிகளில் ஹெப்பர்னின் பெரியம்மாவின் கணவர் ஓட்டோ வான் லிம்பர்க் ஸ்டிரமும் ஒருவர். பாசிசத்தின் மீது தாய் கொண்டிருந்த மயக்கம் போர்க்காலத்தில் கலைந்தது. சிறுவயது முதல் பாலே நடனம் பயின்ற ஹெப்பர்ன், எதிர்ப்பு இயக்கத்துக்கு நிதி சேர்க்க நடந்த இரகசிய நிகழ்ச்சிகளில் ஆடினார்.

பட்டினிக் குளிர்காலம்

1944 செப்டம்பரில் நேசநாட்டுப் படைகள் ஆர்னெம் பாலத்தைக் கைப்பற்ற முயன்று தோற்றன. அந்தப் படையெடுப்புக்குத் துணையாக, லண்டனில் இருந்த டச்சு அரசு ரயில்வே வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்திருந்தது. இதற்குப் பதிலடியாக, நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதை ஜெர்மானியர் தடுத்தனர். பின்னர் தடை தளர்த்தப்பட்டபோது கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்திருந்தன. சுமார் 20,000 பேர் பட்டினியாலும் அதையொட்டிய நோய்களாலும் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. மேற்கு நகரங்களே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன என்றாலும், ஆர்னெம் அருகே ஹெப்பர்ன் குடும்பம் தங்கியிருந்த வெல்ப் ஊரும் தப்பவில்லை. டியூலிப் கிழங்கை அரைத்து மாவாக்கி உண்ட காலம் அது. ஹெப்பர்னுக்கு இரத்தசோகையும் உடல்வீக்கமும் ஏற்பட்டன. அவருடைய 16ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், 1945 மே 5 அன்று, நாடு விடுதலை பெற்றது.

அப்போது வந்த நிவாரணம் யுனிசெஃப் கொடுத்தது என்று பல கட்டுரைகளில் காணப்படுகிறது. யுனிசெஃப் நிறுவப்பட்டது 1946 டிசம்பரில். ஹெப்பர்னுக்குக் கிடைத்தது, 1943இல் நேசநாடுகள் அமைத்த ஐக்கிய நாடுகள் நிவாரண மறுவாழ்வு நிர்வாகத்தின் உதவி. அந்த அமைப்பின் தொடர்ச்சியாகவே யுனிசெஃப் உருவானது என்பதால், ஹெப்பர்ன் இரண்டையும் ஒன்றாகக் கருதிப் பேசிவந்தார்.

இதைவிட முக்கியமானது, அந்தப் பட்டினி எப்படி வந்தது என்பது. அவ்வாண்டு மழை பொய்க்கவில்லை. நாட்டின் ஒரு பகுதியில் உணவு இருந்தது. அது மறுபகுதிக்குச் செல்லக்கூடாது என்று ஆயுதம் வைத்திருந்தவர்கள் முடிவு செய்தனர்.

திரை வாழ்க்கை

போருக்குப் பின் ஹெப்பர்ன் லண்டனில் மேரி ராம்பர்ட்டிடம் பாலே பயின்றார். உயரமும், போர்க்கால ஊட்டக்குறைவால் நலிந்த உடலும் முதன்மை நடனக்கலைஞர் ஆவதற்குத் தடையாக இருக்கும் என்று சொல்லப்பட்டதால், மேடை இசைநாடகங்களுக்கும் சிறு திரைவேடங்களுக்கும் மாறினார். பிரெஞ்சு எழுத்தாளர் கொலெட் தன் 'ஜிஜி' கதையின் நாடக வடிவத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார். 1951இல் அந்நாடகம் நியூயார்க்கில் அரங்கேறியது.

வில்லியம் வைலர் இயக்கிய 'ரோமன் ஹாலிடே' (1953) படத்துக்காக 1954இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருது பெற்றார். அதே ஆண்டு 'ஆந்தீன்' நாடகத்துக்காக டோனி விருதும் கிடைத்தது. 'சப்ரினா' (1954), 'தி நன்ஸ் ஸ்டோரி' (1959), 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்' (1961), 'வெய்ட் அன்டில் டார்க்' (1967) ஆகியவற்றுக்காகவும் ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 'மை ஃபேர் லேடி' (1964) பெரும் வெற்றி பெற்றபோதும், பாடல்களில் பெரும்பகுதியை மார்னி நிக்சன் பின்னணியில் பாடியது அன்றே விமர்சிக்கப்பட்டது.

1967க்குப் பின் ஹெப்பர்ன் மிகக் குறைவாகவே நடித்தார். நடிகர் மெல் ஃபெரருடன் நடந்த முதல் திருமணத்தில் ஷான், இத்தாலிய மருத்துவர் ஆந்த்ரேயா தோத்தியுடன் நடந்த இரண்டாம் திருமணத்தில் லூக்கா என இரு மகன்கள். பிள்ளைகளை வளர்ப்பதற்காகவே திரையிலிருந்து விலகியதாகக் கூறினார். இறுதிக்காலத்தில் டச்சு நடிகர் ராபர்ட் வோல்டர்ஸ் வாழ்க்கைத்துணையாக இருந்தார். சுவிட்சர்லாந்தின் டோலொஷனாஸ் கிராமத்தில் வசித்தனர். கடைசியாக நடித்த படம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஆல்வேஸ்' (1989).

நடிப்பின் இயல்பு

ஹெப்பர்னைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஷிவான்ஷி வடிவமைத்த உடைகளையும் அவருடைய அழகையும் சுற்றியே நின்றுவிடுகிறது. நடிகையாக அவருடைய வலிமை கேட்பதில் இருந்தது. எதிரில் இருப்பவர் பேசும்போது அவருடைய முகத்தில் நிகழும் சிறு மாற்றங்களே பல காட்சிகளைத் தாங்கி நிற்கின்றன.

'ரோமன் ஹாலிடே' படத்தின் இறுதிக்காட்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அரண்மனைக்கு ஒருநாள் தெரியாமல் ரோம் நகரில் சுற்றிய இளவரசி ஆன், மறுநாள் செய்தியாளர்களைச் சந்திக்கிறாள். தன்னுடன் சுற்றியவன் ஒரு நிருபன் என்பதை அங்கேதான் அறிகிறாள். எந்த நகரம் மிகவும் பிடித்தது என்ற கேள்விக்கு, எல்லா நகரங்களும் தத்தம் வகையில் சிறந்தவை என்ற பொதுவான பதிலை அதிகாரி எடுத்துக்கொடுக்கிறார். அதைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, ரோம் என்று பெயர் சொல்லிவிடுகிறாள். படம் முழுவதும் அந்த ஒரு சொல்லை நோக்கியே நகர்கிறது. பதவி விதிக்கும் நடுநிலைப் பேச்சிலிருந்து ஒரு பெண் தன் சொந்தச் சொல்லுக்குத் தாவும் கணம் அது.

ஃப்ரெட் ஸின்னமன் இயக்கிய 'தி நன்ஸ் ஸ்டோரி'யில் அதே கேள்வி தீவிரமாக எழுகிறது. சிஸ்டர் லூக் பெல்ஜிய கன்னியாஸ்திரி. பெல்ஜிய காங்கோவில் செவிலியாக உழைக்கிறாள். போர் வந்து ஜெர்மானியர் நாட்டை ஆக்கிரமிக்கும்போது, யாருக்கும் பக்கம் சாயக்கூடாது என்று மடம் கட்டளையிடுகிறது. தந்தை கொல்லப்பட்ட பின் அவளால் பகைவரை மன்னிக்க முடியவில்லை. மன்னித்ததாக நடிக்கவும் மனமில்லாமல் மடத்தை விட்டு வெளியேறுகிறாள். கதவு திறக்கிறது, அவள் தெருவில் நடந்து மறைகிறாள். பின்னணி இசை எதுவும் இல்லை. ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் வளர்ந்த ஹெப்பர்னின் மிகச்சிறந்த நடிப்பு இது எனலாம்.

இப்படத்தின் குறையும் குறிப்பிடத்தக்கது. காங்கோ இங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் மனப்போராட்டத்துக்குப் பின்புலமாக மட்டுமே வருகிறது. காங்கோ மக்கள் நோயாளிகளாகவும் உதவியாளர்களாகவும் வந்துபோகின்றனர். அவர்களுடைய அரசியல் படத்தில் இல்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் நிவாரணப் புகைப்படங்களில் இதே அமைப்பு மீண்டும் தோன்றியது.

யுனிசெஃப் பணி

யுனிசெஃப் அமைப்பின் முதல் நல்லெண்ணத் தூதர் 1954இல் நியமிக்கப்பட்ட நகைச்சுவை நடிகர் டேனி கே. அவர் வகுத்த பாதையில் 1988இல் ஹெப்பர்ன் இணைந்தார். அப்போது யுனிசெஃப் தலைவராக இருந்த ஜேம்ஸ் கிராண்ட், உலகில் நாள்தோறும் சுமார் 40,000 குழந்தைகள் இறப்பதையும், அவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை என்பதையும் இடைவிடாமல் சொல்லிவந்தார். தடுப்பூசி, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், வளர்ச்சிக் கண்காணிப்பு ஆகிய செலவு குறைந்த வழிகளை உலக நாடுகள் ஏற்கச் செய்வதே அவர் திட்டம். அதற்கு அரசுத் தலைவர்களின் கதவுகள் திறக்க வேண்டும், செய்தியாளர்கள் வர வேண்டும். இவ்விரண்டையும் ஹெப்பர்னின் பெயர் செய்து கொடுத்தது.

முதல் பயணம் 1988 மார்ச் மாதம் எத்தியோப்பியாவுக்கு. மெக்கலே நகரில் பட்டினியில் இருந்த சுமார் 500 குழந்தைகள் கொண்ட அநாதை இல்லத்தைப் பார்த்தார். அவ்வாண்டே தடுப்பூசி இயக்கத்தைக் காணத் துருக்கிக்கும், பின்னர் வெனிசுவேலா, ஈக்குவடார் நாடுகளுக்கும் சென்றார். 1989இல் மத்திய அமெரிக்க நாடுகள், சூடான், வங்கதேசம், 1990இல் வியட்நாம், 1992 செப்டம்பரில் சோமாலியா. இடையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சியமளித்தார். 1990இல் நடந்த உலகக் குழந்தைகள் உச்சி மாநாட்டில் பங்கேற்றார். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நகரம் நகரமாகச் சென்று பேட்டி அளித்தார்.

தமிழ்நாட்டில் பிறந்த ஐ.நா. புகைப்படக் கலைஞர் ஜான் ஐசக், ஹெப்பர்னின் பயணங்களைப் படம்பிடித்தவர்களுள் ஒருவர். ஈ மொய்க்கும் குழந்தைகளைத் தொட மற்றவர்கள் சற்றுத் தயங்குவார்கள், ஹெப்பர்ன் தயங்காமல் வாரி அணைத்துக்கொள்வார் என்று அவர் நினைவுகூர்ந்துள்ளார். புகைப்படத்தில் இது கனிவாகத் தெரிகிறது. அதன் பின்னால் ஒழுங்கான உழைப்பும் இருந்தது. செல்லும் நாட்டைப் பற்றி முன்கூட்டியே படித்துக்கொண்டு சென்றார். பேட்டிகளில் தன் படங்களைப் பற்றிய கேள்விகளைச் சுருக்கமாக முடித்துவிட்டுத் தடுப்பூசிக்கும் குடிநீருக்கும் பேச்சைத் திருப்பினார். இளவரசி ஆன் கடைசிக் காட்சியில் செய்ததை ஹெப்பர்ன் ஐந்து ஆண்டுகள் தொழிலாகச் செய்தார் எனலாம்: செய்தியாளர் முன் நின்று, அவர்கள் கேட்க வந்ததைத் தாண்டி ஒன்றைச் சொல்வது.

ஆனி ஃபிராங்க் வாசிப்பு

ஆனி ஃபிராங்க் 1929 ஜூன் 12 அன்று பிறந்தவர். ஹெப்பர்னைவிட ஐந்து வாரங்களே இளையவர். ஆனியின் நாட்குறிப்பை ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் 1959இல் படமாக்கியபோது அவ்வேடம் ஹெப்பர்னிடம் வந்தது. அவர் மறுத்துவிட்டார். தன் வயதுப் பெண்ணொருத்தி தன் நாட்டிலேயே பட்ட துன்பத்தை நடித்துக்காட்டத் தன்னால் இயலாது என்பது அவர் நிலை.

1990இல் இசையமைப்பாளர் மைக்கேல் டில்சன் தாமஸ் அந்நாட்குறிப்பை வைத்து ஓர் இசைப்படைப்பு அமைத்தார். யுனிசெஃப் நிதிக்காக நடந்த கச்சேரிகளில் ஹெப்பர்ன் மேடையில் நின்று நாட்குறிப்பின் பகுதிகளை வாசித்தார். ஆனியாக நடிக்க மறுத்தவர், ஆனியின் சொற்களை எடுத்துச் சொல்லும் குரலாக இருக்கச் சம்மதித்தார். பாதிக்கப்பட்டவரின் இடத்தில் தான் அமர்வதற்கும் அவருக்காகச் சாட்சி சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு இது சான்று.

விமர்சனங்கள்

திரைநட்சத்திரங்களின் தொண்டைப் பற்றி எழும் முதன்மையான விமர்சனம், படம் யாரைப் பற்றியது என்பதே. பசித்த குழந்தையை நட்சத்திரம் ஏந்தியிருக்கும் புகைப்படத்தில் நட்சத்திரத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். குழந்தையின் பெயர் தெரியாது. குழந்தையின் நாடு துயரத்தின் மற்றொரு பெயராக மாறிவிடுகிறது. அங்கே உழைக்கும் உள்ளூர் மருத்துவர்களும் செவிலியர்களும் தாய்மார்களும் சட்டகத்துக்கு வெளியே நிற்கின்றனர். ஹெப்பர்னின் படங்களும் இதற்கு விலக்கல்ல. அவருக்குப் பின் வந்த பலரும் இந்த வடிவத்தையே பின்பற்றினர்.

இரண்டாவது விமர்சனம் இன்னும் ஆழமானது. குழந்தைகளைக் காப்பதற்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை என்றும், காலப்போக்கில் அரசியலே மனிதத்தன்மை அடையக்கூடும் என்றும் ஹெப்பர்ன் கருத்துத் தெரிவித்தார். ஐ.நா. தூதர் ஒருவர் எந்த அரசையும் குற்றம்சாட்ட முடியாது என்பது அப்பதவியின் நிபந்தனை. ஆனால் அவர் சென்ற இடங்களில் பசி அரசியலோடு பின்னிக் கிடந்தது. மெக்கலே நகரம் உள்ள திக்ராயில் எத்தியோப்பிய அரசு கிளர்ச்சியாளர்களோடு போரிட்டுக்கொண்டிருந்தது. ஹெப்பர்ன் வந்துசென்ற மறுமாதமே, திக்ராய், எரித்ரியா பகுதிகளிலிருந்து வெளிநாட்டு நிவாரணப் பணியாளர்கள் வெளியேற வேண்டும் என அவ்வரசு உத்தரவிட்டது. சோமாலியாவில் 1991இல் அரசு வீழ்ந்தபின் ஆயுதக்குழுக்கள் நிவாரண உணவைக் கொள்ளையடித்தன. வெல்ப் ஊரில் அவர் பட்ட பட்டினியும் இதே இனத்தைச் சேர்ந்தது. அதை உடலால் அறிந்த ஒருவர், பசியை அரசியலிலிருந்து பிரித்துப் பேச வேண்டியிருந்தது.

எனினும் நடுநிலையைப் பயனற்றது என்று தள்ளிவிட முடியாது. 1989இல் தொடங்கிய 'ஆபரேஷன் லைஃப்லைன் சூடான்' திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. சூடான் அரசும் தெற்கின் கிளர்ச்சிப் படையும் ஆகிய இரு தரப்புகளுடனும் பேசி, இரு தரப்புப் பகுதிகளுக்கும் உணவு செல்ல ஐ.நா. வழி செய்தது. ஒரு தரப்பைக் குற்றம்சாட்டியிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். ஹெப்பர்ன் சூடானுக்குச் சென்றது இத்திட்டத்துக்காகவே. சிஸ்டர் லூக் நடுநிலையைத் தாங்க முடியாமல் வெளியேறினாள். ஹெப்பர்ன் உள்ளே செல்வதற்கான விலையாக நடுநிலையை ஏற்றுக்கொண்டார்.

மறைவு

சோமாலியாவிலிருந்து திரும்பிய சில வாரங்களில் கடுமையான வயிற்றுவலி ஏற்பட்டது. குடல்வாலில் தோன்றிய அரியவகைப் புற்றுநோய் பரவியிருப்பது அறுவைசிகிச்சையில் தெரிந்தது. 1993 ஜனவரி 20 அன்று டோலொஷனாஸில் தன் இல்லத்தில் காலமானார். வயது 63. அக்கிராமத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

1992 டிசம்பரில் அமெரிக்க அரசின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. மறைவுக்குப் பின், 1993 ஆஸ்கார் விழாவில் மனிதநேயப் பணிக்கான ஜீன் ஹெர்ஷோல்ட் விருதை மகன் ஷான் பெற்றுக்கொண்டார். எம்மி, கிராமி விருதுகளும் மறைவுக்குப் பின்னரே கிடைத்தன.

மதிப்பீடு

ஹெப்பர்னைப் புனிதராகக் காட்டும் எழுத்துகள் அவருடைய உழைப்பைக் கருணையாகச் சுருக்கிவிடுகின்றன. விளம்பரம் என்று ஒதுக்கும் எழுத்துகளோ, வாய்ப்புகள் வந்தபோதே திரையை விட்டு விலகியிருந்த ஒருவர், புகழுக்காகப் போர்க்களங்களுக்குச் செல்ல வேண்டிய தேவை என்ன என்பதற்கு விடை சொல்வதில்லை. கேமராவின் முன் நிற்கவும், பேசுபவரைக் கூர்ந்து கேட்கவும், சொல்ல வேண்டியதைச் சில நொடிகளில் சொல்லவும் தெரிந்த ஒரு தொழிற்கலைஞர், அந்தத் திறனைத் தடுப்பூசிக்கும் குடிநீருக்கும் பயன்படுத்தினார் என்பதே பொருத்தமான மதிப்பீடு.

அவர் விட்டுச்சென்ற கேள்வியும் அதே அளவு முக்கியமானது. பசித்த குழந்தைக்கு இன்று உணவு சேர வேண்டுமானால், அந்தப் பசியை உண்டாக்கியவரின் பெயரைச் சொல்லாமல் இருக்க வேண்டியிருக்கிறது. தூதர்கள் அந்த மௌனத்தைக் காக்கலாம். வரலாற்றை எழுதுபவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஹெப்பர்னின் புகைப்படத்தைப் பார்க்கும் மாணவர், அதில் உள்ள குழந்தை எந்த ஊர், அங்கே என்ன போர், உணவை யார் தடுத்தார்கள் என்று தேடிப் படிப்பாரானால், அந்தப் புகைப்படம் தொடங்கிவைத்த வேலை முழுமை பெறும்.